மடிப்புக்குள் இருந்த கரை

கோவில்பட்டியில் என் கையெழுத்து இல்லாத சுவர் குறைவு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அதாவது, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். ஆனால் அடக்கமான ஆள் என்று நீங்கள் நினைக்க வேண்டுமே என்று இப்படி ஆரம்பிக்கிறேன். உரக்கடைச் சுவரில் பருத்திச் செடி வரைந்தால் வேருக்குக் கீழே 'எபி' என்று போடுவேன். சினிமாத் தட்டியில் கதாநாயகனின் தாடைக்கு அடியில் 'எபி'. ஒருமுறை ஒரு வக்கீல் வீட்டுச் சுவரில் 'இங்கே சிறுநீர் கழிக்காதீர்' என்று எழுதிவிட்டு, வழக்கம்போல அதற்குக் கீழேயும் 'எபி' என்று போட்டேன். அது என் தனிப்பட்ட வேண்டுகோள் என்று ஊரில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டார்கள்.

முழுப்பெயர் எபநேசர். நான் சொல்லப்போவது எழுபத்தொன்பதாம் வருஷத்துத் தீபாவளிக் கதை. அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. வியாபாரம் என்றால் இளக்காரம். கலைஞன் சாரத்தின் மேலே நிற்பவன், வியாபாரி கீழே நின்று சில்லறை பொறுக்குபவன் என்பது என் கட்சி. சாரத்தின் மேலே நிற்பவனுக்குக் கீழேயிருந்து சாப்பாடு அனுப்பிக்கொண்டிருந்தவள் என் மனைவி எஸ்தர்ராணி என்பதை அந்தக் கட்சியில் நான் சேர்த்துக்கொள்ளவில்லை.

எஸ்தர் புதியம்புத்தூர்க்காரி. அந்த ஊர்ப் பிள்ளைகள் நடை பழகும்போதே தையல் மெஷினைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நிற்கும். அவள் தம்பி ஜான்பீட்டர் அங்கே ரெடிமேட் துணி தைக்கும் பட்டறை வைத்திருந்தான். அவனுக்காக எஸ்தர் வீட்டிலிருந்தபடியே சிறுபிள்ளைகளுக்குக் கவுன் தைத்துக் கொடுப்பாள். சனிக்கிழமை தோறும் மூட்டை கட்டிப் பஸ்ஸில் ஏற்றுவாள். "மெஷின் வேலை" என்று நான் அதற்குப் பேர் வைத்திருந்தேன். அந்த மெஷின் சத்தத்தில்தான் மத்தியானம் எனக்கு நல்ல தூக்கம் வரும்.

ஒருநாள், "கவுனு பையில தைக்க ஒரு பூவு வரைஞ்சு தாங்களேன்," என்று கேட்டாள். கருங்கண்ணிப் பருத்திப் பூ ஒன்று வரைந்து கொடுத்தேன். மஞ்சள் இதழ், அடியில் கருஞ்சிவப்புப் பொட்டு. அதை அவள் நூலில் எடுத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனது. ஜவுளிக்கடை கோபாலசாமி நாயக்கர் கண்ணில் பட்டுவிட்டது. மறுநாளே எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"தீபாவளிக்கு அறுவது கவுனு குடுங்கம்மா. தம்பி கிம்பி வேண்டாம், நேரா எனக்கே குடுங்க. அந்தப் பூவு இருக்கணும்."

எஸ்தர் இன்னொரு மெஷின் வாங்கிப் போட்டாள். கூட வேலைக்கு வெயிலம்மாள் வந்தாள்.

வெயிலம்மாள் அதுவரை தீப்பெட்டி ஆபீஸில் குச்சி அடுக்கிக்கொண்டிருந்தவள். மரச்சட்டத்தில் அவள் குச்சி அடுக்குவதைப் பார்த்தால், விரல்கள் அடுக்குகிற மாதிரி இருக்காது. குச்சிகளே பயந்து போய் வரிசையில் நிற்கிற மாதிரி இருக்கும். யார் அடுக்கிய சட்டம் எது என்று குழம்பிவிடக் கூடாதே என்று ஒவ்வொருத்தியும் தன் சட்டத்தின் ஓரத்தில் சுண்ணாம்பால் ஓர் அடையாளம் போடுவாள். வெயிலம்மாள் அடையாளம் சாய்வாக மூன்று கோடு. அவள் வந்த முதல் நாளே, "பாத்தியா, நீயும் ஆர்ட்டிஸ்ட்தான். வேலை செஞ்ச கை கையெழுத்துப் போடணும்," என்று ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அவள் கேட்டுக்கொண்டே நாலு பொத்தான் தைத்து முடித்துவிட்டாள்.

தீப்பெட்டி ஆபீஸை விட்டு அவள் சும்மா வரவில்லை. கணக்குப்பிள்ளை சுந்தரபாண்டியிடம், "இனிமே இந்த வாசப்படிய மிதிச்சா எம்பேரு வெயிலம்மா இல்ல," என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள். அவர் கணக்கு நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "தீபாவளி கழிஞ்சு வருவேல்லா, அப்பப் புதுப்பேரு என்னன்னு கேட்டு எழுதிக்கிடுதேன்," என்றாராம். இதை அவளே எங்களிடம் நடித்துக் காட்டினாள். எல்லாரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன்.

துணி வந்தது. மஞ்சள், வான நீலம், ரோஸ். தைப்பதற்கு முன்னால் கவுனின் வடிவத்தை நான்தான் தீர்மானிப்பேன் என்று சட்டம் போட்டேன். ஆர்டர் வந்ததே என் பூவால்தானே.

"கீழ மூணு விரக்கடை உள்ள மடிச்சு விடணும்ங்க," என்றாள் எஸ்தர்.

"மடிப்பா? விளிம்புல திண்டு மாதிரி கனமா நிக்கும். கவுனு காத்துல பறக்கணும்."

"பிள்ளை வளரும்லா? வளர வளரப் பிரிச்சு விடணும்லா?"

"ஏட்டி, நான் வரையுத படத்தைக் கொஞ்சம் மடிச்சு மாட்டி வையும், சுவரு வளந்த பொறவு பிரிச்சு விட்டுக்கிடுதோம்னு யாராவது சொல்லுதாவளா?"

"சுவரு வளராதுங்க," என்றாள்.

அதற்குமேல் பேசவில்லை. அவள் வாய் நின்றால் கை எதையோ செய்துகொண்டிருக்கும் என்பதைக் கல்யாணமாகிப் பதினோரு வருஷமாகியும் நான் படித்திருக்கவில்லை. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டேன்.

அறுபது கவுனும் என் கற்பனைப்படியே வந்தன. முழங்காலோடு நறுக்கென்று நிற்கிற நீளம், மெல்லிய விளிம்பு, பையில் பருத்திப் பூ. நாயக்கர் கடையில் வாசலோரமாகத் தொங்கவிட்டபோது, எதிர்த்த டீக்கடையில் நின்று மூன்று டீ குடித்தேன், பார்த்துக்கொண்டிருப்பதற்காகவே.

தீபாவளிக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நாயக்கர் ஆள் அனுப்பினார். கோபம் வந்தால் அவர் தெலுங்கில் முனகுவார். அன்றைக்குத் தமிழிலேயே, அதுவும் தணிந்த குரலில் பேசினார். அதுதான் பயமாக இருந்தது.

"உங்க கவுனை இந்த வாரம் முந்நூறு பேரு பாத்தாச்சு, அண்ணாச்சி. சாமி பாக்க மாதிரி பாக்காங்க. கும்பிட்டுட்டுப் போயிடுதாங்க."

"ஒண்ணுகூடவா போகல?"

"ஒண்ணுகூட. வார ஞாயித்துக்கிழமை வரைக்கும் தொங்கட்டும். பொறவு எடுத்துக்கிடுங்க. எனக்கு வேற துணி மாட்ட ஆணி வேணும்."

வீட்டில் வந்து சொன்னேன். "தீபாவளிக்குப் போகாட்டி கிறிஸ்துமஸுக்குப் போகும்," என்று ஒரு சமாதானமும் சேர்த்துச் சொன்னேன். ஊசியில் நூல் கோர்த்துக்கொண்டிருந்த வெயிலம்மாள்தான் நிமிர்ந்தாள்.

"அப்பம் சுந்தரபாண்டிகிட்டப் போயி புதுப்பேரு சொல்லணுமா அண்ணாச்சி?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். ஆனால் நூல் ஊசிக்காதைத் தாண்டித் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. ஆயிரம் குச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு அடுக்குகிறவள் அவள்.

மறுநாள் காலையிலேயே நாயக்கர் கடைக்குப் போய், மூலையில் கிடந்த துணிக்கட்டின் மேல் உட்கார்ந்துகொண்டேன். யாருக்கு என் கலை புரியவில்லை என்று பார்த்துவிடுவது என்று முடிவு.

பெண்கள் வந்தார்கள். விதைப்புக் காலம், குதிகாலில் கரிசல் மண் காய்ந்து ஒட்டியிருக்கும். கவுனைத் தூக்குவார்கள். பூவைப் பார்த்ததும் முகம் மலரும். என் நெஞ்சு ஒரு சுற்றுப் பெருக்கும். உடனே கை கீழே போகும். விளிம்பைப் புரட்டுவார்கள். கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, விலைபேசும்போது மிளகாய் வற்றலைத் தேய்த்துப் பார்க்கிற மாதிரி, தேய்த்துப் பார்ப்பார்கள். முகம் வாடும். வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒருத்தி, ரெண்டு பேர், பத்துப் பேர். பூவைப் பார்த்த நேரத்தைவிட விளிம்பைத் தடவிய நேரம்தான் அதிகம்.

பதினோராவது ஆளிடம் பொறுமை போய்விட்டது. எப்போதும்வென்றான் ஊரிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு வந்தவள்.

"ஏன் தாயி, பூவு நல்லா இல்லையா?"

"பூவு நல்லாத்தான் இருக்கு. உள்ளதான் ஒண்ணும் இல்ல."

"உள்ள என்ன இருக்கணும்?"

"துணி இருக்கணும்யா. மாசியில மொளகா வித்தாத்தான் எங்களுக்குக் காசு. அதுல எடுத்து வச்சு வருசத்துக்கு ஒண்ணு எடுக்கோம். இதைப் போட்டா அடுத்த ஐப்பசிக்கு எம்புள்ளைக்கு முட்டிக்கு மேல ஏறிரும்." என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீரு கடைக்காரரா?"

"இல்ல, படம் போடுதவன்."

"அதான்," என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதும். இருபது வருஷத்தில் என் வேலைக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அது.

அவள் மகளைப் பார்த்தேன். எட்டு வயது இருக்கும். போட்டிருந்தது போன வருஷத்துக் கவுன். மடிப்பைப் பிரித்து விட்டிருந்தார்கள். வாங்கும்போது சிவப்பு. வெயில் தின்று, இப்போது செங்கல் நிறம். கீழே மட்டும், மடிப்புக்குள் வெயில் படாமல் கிடந்த மூன்று விரல் துணி இன்னும் அதே பழைய சிவப்பு. பழைய துணி என்று ஊருக்கே தண்டோரா போடுகிற பட்டை. அந்தப் பிள்ளை மஞ்சள் பையை முன்னால் தொங்கவிட்டு அதை மறைத்துக்கொண்டே நின்றது. அம்மா இடப்பக்கம் நகர்ந்தால் பையும் இடப்பக்கம் நகர்ந்தது.

வெயில் எந்த நிறத்தை எத்தனை நாளில் தின்னும் என்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். அது என் தொழில். தட்டியில் கதாநாயகியின் உதட்டுக்கு நான் முதல் நாளே ரெண்டு பங்கு சிவப்புப் போடுவேன். முதல் நாள் பார்க்கிறவன் வெற்றிலை போட்டிருக்கிறாள் என்பான். ஐம்பதாவது நாள் பார்க்கிறவனுக்குத்தான் அது உதடு. ஐம்பதாவது நாளுக்குப் படம் போடத் தெரிந்த எனக்கு, அடுத்த வருஷத்துப் பிள்ளைக்குக் கவுன் தைக்கத் தோன்றவில்லை. எஸ்தரும் அவள் ஊர்க்காரர்களும் இன்னும் வளராத உடம்பை மனசில் வரைந்து வைத்துக்கொண்டு துணி வெட்டுகிறவர்கள். நான் அதற்கு மெஷின் வேலை என்று பேர் வைத்திருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை திருப்பிக் கொண்டுவருவதாக நாயக்கரிடம் சொல்லி, அறுபது கவுனையும் மூட்டை கட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். எஸ்தரிடம் தோல்வியை ஒப்புக்கொள்வதற்கு நல்ல வாக்கியமாக வழி நெடுகத் தேடியும் கிடைக்கவில்லை.

"மடிப்பு வச்சிருக்கணும்," என்றேன்.

"ம்."

"இப்பம் நீளத்துக்கு ஏதாவது செஞ்சாலும், நெஞ்சும் இடுப்பும் இறுக்கமா இருக்குமே."

ஒரு கவுனை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி என் முன்னால் போட்டாள். பக்கத் தையல் ரெண்டிலும் ரெண்டு விரல் துணி தாராளமாக விட்டிருந்தது. அறுபதிலும் அப்படித்தான்.

"இது எப்பம் செஞ்ச?"

"நீங்க டீ குடிக்கப் போனப்ப. உள்ள பாக்க மாட்டியன்னு தெரியும்."

சரி, அகலம் தப்பித்தது. நீளத்துக்குத் துணி இல்லை. வேறு துணியில் ஒரு பட்டை வெட்டி, விளிம்போடு சேர்த்து, உள்ளே மடித்து வைத்தால்? பிரித்து விடும்போது அது வெளுக்காத பழைய துணியாகத் தெரியாது. சேலைக்குக் கரை மாதிரி, புதுசாக ஒரு கரையாகத் தெரியும். மறைக்க வேண்டியது எதுவும் இருக்காது.

சொல்லி முடிப்பதற்குள் எஸ்தர் எழுந்துவிட்டாள். "தம்பி பட்டறையில வெட்டுத்துணி மலையாக் கெடக்கு."

புறப்படும்போது எங்கள் வீட்டு ஜன்னல் திரையைப் பிடித்து ஒரு மூலையைக் கத்தரித்தேன். எஸ்தர் போட்ட சத்தத்தில் வெயிலம்மாள் மெஷினை நிறுத்திவிட்டாள். அந்தத் திரை, போன வருஷம் தம்பிக்குத் தைத்த இதே மில் துணியின் மிச்சத்தில் எஸ்தர் ஒட்டுப்போட்டுத் தைத்தது. மஞ்சள், நீலம், ரோஸ் மூன்றும் அதில் உண்டு. ஒரு வருஷம் முழுக்க மேற்கு வெயில் தின்றது. மஞ்சள் பழுத்த வேப்பிலை மாதிரி வெளிறியிருந்தது, நீலம் சாம்பலாகியிருந்தது, ரோஸ் இருந்த இடம் தெரியவில்லை.

புதியம்புத்தூரில் வெட்டுத்துணிக் குவியலுக்குள் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு துண்டாக எடுத்து, திரைத்துணியின் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன், கண்ணைச் சுருக்குவேன், தூக்கிப் போடுவேன்.

ஜான்பீட்டருக்குப் பொறுக்கவில்லை. "அத்தான், கவுனு புதுசு. நீங்க கிழிஞ்ச திரையை வச்சு நிறம் பாக்குதிய."

"கவுனு புதுசா இருக்கப்ப கரை உள்ளதான இருக்கும் மாப்ள? வெளிய வரும்போது கவுனு இந்த நிறத்துலதான் இருக்கும். நான் அடுத்த வருசத்துக்குப் பாக்குதேன்."

அவன் திரைத்துண்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு, "ஏலே, அத்தானுக்கு ஒரு டீ சொல்லு," என்று கடைசி மெஷின்காரனைப் பார்த்துக் கத்தினான். பதினோரு வருஷத்தில் அந்தப் பட்டறையில் எனக்குக் கிடைத்த முதல் டீ அது.

இன்னும் ஒரு சிக்கல் இருந்தது. மெஷின் தையலைப் பிரிக்க பிளேடு வேண்டும். பிளேடு துணியையும் சேர்த்துக் கிழிக்கும். நானும் எஸ்தரும் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது வெயிலம்மாள்தான் சொன்னாள்.

"மொளகா மூட்டை வாய்த் தையல் மாதிரி போட்டா என்ன? சரியான முனையப் புடிச்சு இழுத்தாச் சரசரன்னு மொத்தமும் கழண்டு வந்துரும்லா."

"அது சணல்ல, கோணூசி வச்சுத் தைக்கிறது. மெஷின்ல வராதே."

"மெஷினுக்கு எதுக்கு? கை இருக்கே."

சங்கிலி சங்கிலியாகக் கையால் போட்டுக் காட்டினாள். ஒரு கவுனின் சுற்றளவு முழுவதையும் நான் ஒரு பீடி குடித்து முடிப்பதற்குள் முடித்தாள். ஓரத்தில் நூல் முனையை ஒரு சின்ன முடிச்சாக விட்டாள்.

நாலு நாள். எஸ்தர் பட்டை சேர்த்தாள், வெயிலம்மாள் மடிப்புத் தைத்தாள், நான் இஸ்திரி போட்டேன். ஒன்றைக் கருக்கினேன். ஆகவே ஐம்பத்தொன்பது.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நேராகக் கடைக்குப் போனோம். அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்று தயவுசெய்து கேட்காதீர்கள். கடையில் கால் வைக்க இடமில்லை. நாயக்கர் ஆணிகளைப் பார்த்துக்கொண்டே எங்களைப் பார்த்தார்.

ஒரு மஞ்சள் கவுனை எடுத்து, முன்னால் நின்ற ஒரு அம்மாளிடம் நூல் முனையைக் காட்டினேன். "இழுங்க தாயி."

"இழுத்தா நான்தான் எடுக்கணுமா?"

"சும்மா இழுங்க."

"அய்யய்யோ, பிரிஞ்ச கவுனை நான் யாரு தலையில கட்ட!" என்று நாயக்கர் குறுக்கே வந்தார். எஸ்தர் அவரைக் கையமர்த்தினாள். அம்மாள் இழுத்தாள். சரசரவென்று நூல் வந்தது. மடிப்பு அவிழ்ந்து மூன்று விரல் கரை பொத்தென்று கீழே விழுந்தது. பழுத்த மாதுளைத் தோல் நிறம். நாலு பேர் கிட்டே வந்தார்கள். அந்த அம்மாள் மட்டும் உதட்டைப் பிதுக்கினாள்.

"கரை மங்கலா இருக்கே. மஞ்சளுக்கு ஒட்டலியே."

அவள் சொன்னது சரி. ஒட்டவில்லை. சட்டைப் பையிலிருந்து திரைத் துண்டை எடுத்தேன்.

"இது இதே துணிதான் தாயி. ஒரு வருசம் எங்க வீட்டு ஜன்னல்ல வெயில் குடிச்சது. உங்க மக இந்தக் கரைய வெளிய விடும்போது கவுனு இப்படி இருக்கும். இப்பம் வச்சுப் பாருங்க."

வாங்கி, கரையின் பக்கத்தில் வைத்தாள். வெளிறிய மஞ்சளும் மாதுளை நிறமும் ஒன்றையொன்று கண்டுபிடித்துக்கொண்டன. அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள், நான் பார்க்கிற அதே மாதிரி. பிறகு கூட்டத்துக்குள் திரும்பிக் கூப்பிட்டாள்.

"ஏட்டி, இங்கன வா! அடுத்த வருசத்து நிறத்துக்கு இவிய இப்பமே கரை வச்சிருக்காவ!"

எத்தனையோ தட்டிக்குக் கீழே நின்று கைதட்டல் கேட்டிருக்கிறேன். அதெல்லாம் நடிகருக்கு. இது எனக்கு. இல்லை, எங்களுக்கு. எஸ்தர் முழங்கையால் இடித்துத் திருத்தினாள்.

அப்புறம் ஆளாளுக்கு நூலை இழுக்க ஆரம்பித்தார்கள். வெயிலம்மாள் கடைத் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, இழுத்ததையெல்லாம் மறுபடி தைத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவள் விரலைப் பார்ப்பதற்கென்றே ஒரு கூட்டம். அந்தக் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"எம்மகளுக்கு ஒரு நீலம் வேணும்."

சுந்தரபாண்டி. வெயிலம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்து, கவுனை உதறி மடித்து நீட்டினாள்.

"பேரு அதேதான் அண்ணாச்சி," என்றாள். "மாத்தல."

அவர் கவுனை வாங்கி விளிம்பைப் புரட்டி, ரெண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். "நல்லாத் தைச்சிருக்க," என்றார்.

செவ்வாய்க்கிழமை நாயக்கருக்கு எல்லா ஆணியும் கிடைத்துவிட்டது. புதன்கிழமை கிறிஸ்துமஸுக்கு நூறு கவுன் சொன்னார். அடுத்த தை மாதம் எங்கள் வீட்டில் ஐந்து மெஷின். மத்தியானத் தூக்கம் போனது. நான் அதற்காகப் பெரிதாக வருத்தப்பட்டதாக ஞாபகம் இல்லை.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு மறுநாள், எட்டயபுரம் பஸ் நிலையத்தில் ஒரு விதைக் கம்பெனிக்குச் சுவர் எழுதிக்கொண்டிருந்தேன். பஸ்ஸிலிருந்து ஒரு பிள்ளை இறங்கியது. மஞ்சள் கவுன், வேப்பிலைப் பழுப்பாக வெளிறியிருந்தது, நான் சொன்ன அதே வெளிறல். கீழே மாதுளைக் கரை. தூரிகையைத் தொட்டியில் போட்டுவிட்டுப் பார்த்தேன். எழுபத்தொன்பதில் நாங்கள் ஆரம்பித்த அந்தக் கவுனை எண்பதில் வெயில்தான் முடித்து வைத்திருந்தது. பிள்ளையின் ரெண்டு கையும் வீசிக்கொண்டு வந்தன. எதையும் மறைக்கவில்லை.

"கவுனு நல்லாருக்கே, யாரு எடுத்துக் குடுத்தா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க நான் என்ன துறவியா?

"எங்கம்மா. நேத்துக் காலைல நான்தான் நூலை இழுத்தேன்," என்று சொல்லி, கரையைப் பிடித்து விரித்துக் காட்டியது.

அப்போதுதான் பார்த்தேன். கரையின் ஓரத்தில், ஒரு வருஷம் மடிப்புக்குள் இருந்த இடத்தில், பொடியாக மூன்று தையல். சாய்வாக மூன்று கோடு.

வீட்டுக்கு வந்ததும் வெயிலம்மாளிடம் கேட்டேன். "எல்லாத்துலயுமா போட்ட?"

"எல்லாத்துலயும்தான். நீங்கதான சொன்னீய, வேலை செஞ்ச கை கையெழுத்துப் போடணும்னு."

"எங்கிட்டச் சொல்லவே இல்லையே."

மெஷினிலிருந்து எஸ்தர் தலையைத் தூக்காமல் சொன்னாள்: "நீங்க உள்ள பாக்க மாட்டியல்லா."

மறுநாள் எட்டயபுரத்துக்குப் போய்ச் சுவரை முடித்தேன். கடைசியில் 'எபி' என்று போட்டேன். போடாமல் இருக்க முடியாது, கை பழகிவிட்டது. கொஞ்சம் சின்னதாகப் போட்டேன்.